சவரம் மட்டும் செய்யக் கூடாதா?

முடி வெட்டிக்கொள்ள வந்தவனுக்கு முடியை மட்டும் வெட்டி அனுப்புவதில் இந்தப் புது அழகு நிலையக்காரர்களுக்கு என்ன நட்டம் என்று எனக்கு விளங்கவே இல்லை. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆயிற்று. ஊர் வளரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் கண்ணாடிக் கதவு போட்டுக் குளிரூட்டிய அழகு நிலையங்களில் நுழைந்தவுடன் கைப்பேசி எண்ணைக் கேட்கிறார்கள், முன்பதிவு செய்தீர்களா என்கிறார்கள். கழுத்தில் துணியைக் கட்டி எழ முடியாதபடி உட்கார வைத்த பிறகு, பொடுகு இருக்கிறது, முடி கொட்டுகிறது, முகம் கறுத்துவிட்டது என்று ஒவ்வொரு குறையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புட்டியை எடுத்து நீட்டுகிறார்கள்.

எண்பதை நெருங்கும் என் அப்பாவை அப்படியொரு கடைக்குச் சவரத்துக்கு அழைத்துச் சென்றேன். "ஐயா, வெறும் ஷேவிங் இங்க பண்றதில்ல, பேக்கேஜ்லதான் வரும்" என்று அந்தத் தம்பி சொன்னபோது, அப்பா ஒன்றும் பேசாமல் கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டார். முடிதிருத்தும் சேவைக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது; அந்தக் கடையின் விலைப்பட்டியலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

காரைக்குடியை ஒட்டிய எங்கள் கோட்டையூரில் இன்னும் திறந்திருக்கும் பழைய சலூனில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பெரியவர் புது பிளேடை உறையோடு சேர்த்து நம் கண்ணெதிரே இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் பொருத்துவார். பிரஷ்ஷால் நுரை ஏற்றி, இரண்டு விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, முதலில் முடி படிந்த போக்கிலும் பிறகு எதிர்ப்போக்கிலும் கத்தியை ஓட்டுவார். தளர்ந்து மடிந்த தோலில் எந்த இடத்தில் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது அந்த விரல்களுக்குத் தெரியும். பிறகு படிகாரக் கட்டியை நனைத்து முகம் முழுக்கத் தேய்ப்பார். அது தோலை இறுக்கிச் சிறு கீறலில் கசியும் இரத்தத்தையும் நிறுத்திவிடும். கடைசியில் பிடரியில் பவுடர். அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுக்காகத்தான் ஆண்கள் செவ்வாய் விடுமுறை கழிந்து புதன் காலையில் அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காத்திருக்கும் நேரமும் வீணாவதில்லை, பெஞ்சில் செய்தித்தாள் கிடக்கும். தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் தம் சலூனுக்குள் நூலகமே வைத்து நடத்துவதைப் பிரதமர் 2020இல் வானொலி உரையில் எடுத்துச் சொன்னார். படுக்கையில் விழுந்த முதியவருக்கு வீடு தேடி வந்து சவரம் செய்கிறவரும் எங்கள் பெரியவர்தான்.

ஆத்திரமெல்லாம் அந்தக் கண்ணாடிக் கதவுக் கடைகள் மீது மட்டும் என்று எண்ண வேண்டாம். நம் ஊர்க்காரர்கள் மீதும் உண்டு. பெரிய வீடுகளின் கொல்லைப்புறத்தில் குந்தி உட்கார்ந்து வேலை செய்து, அறுவடையில் நெல்லைக் கூலியாக வாங்கிய காலத்தைத் தாண்டி, சொந்தமாக ஒரு கடையும் சுழல் நாற்காலியும் போட்டு நிமிர்ந்தவை பெரியவரைப் போன்ற முடிதிருத்துவோரின் குடும்பங்கள். கண்ணாடிக் கதவுக் கடையில் கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், பழைய சலூனில் பத்து ரூபாய் கூடினால் வாசலில் நின்று வாதாடுகிறார்கள். கடை வாடகையை உயர்த்துகிறவர்களும் அவர்களே. இப்படி நடத்தினால் பெரியவரின் பிள்ளை எந்த நம்பிக்கையில் கத்தியைக் கையில் எடுப்பான்?

கண்ணாடிக் கதவுக் கடைக்காரர்களே, விலைப்பட்டியலின் முதல் வரியில் சவரம் இவ்வளவு, முடிவெட்டு இவ்வளவு என்று தமிழில் எழுதி மாட்டுங்கள். கைப்பேசி எண் கேட்பதை நிறுத்துங்கள். முதியவர் ஒருவர் வந்து நின்றால், பேக்கேஜ் பேச்சை எடுக்காமல் நாற்காலியைக் காட்டுங்கள்.