கோட்டைக்குள் கிடந்த நான்கு நாட்கள்

என் விசுவாசத்தை வளர்த்தது எது என்று கேட்டால் வேதாகமம், ஜெபம் என்பேன். அது உண்மைதான். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, அதைச் சபையில் சொல்ல இத்தனை நாள் தயங்கினேன்: கதைப் புத்தகம்.

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம்தான் எங்கள் வீடு. அப்பாவின் அம்மாவான அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. மலையிலிருந்து இறங்கி வந்ததும் கொழுந்துக் கறை பிடித்த விரல்களைத் தேசிக்காய்த் தோலால் தேய்த்துக்கொண்டே, "எங்க விட்ட? வாசி" என்பார். நான் வாசித்தது 'மோட்சப் பிரயாணம்'. அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 12 வருஷம் சிறையில் இருந்த ஜான் பன்யன் எழுதி, 1678இல் வந்த கதை. மழைக்காலத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். அடுப்புச் சூட்டில் காட்டித்தான் பிரிக்க வேண்டும்.

அதில் ஒரு இடம். கல்லும் முள்ளுமான பாதையில் நடந்து கால் நொந்த கதாநாயகன் கிறிஸ்தியான், மோட்சத்துக்குப் போகிறவன், வேலியைத் தாண்டிப் புல்வெளிப் பாதையில் இறங்கிவிடுவான். அப்பாயிக்குத் தாங்காது. "ஐயோ, குறுக்குல போறானே!" என்பார். மழை நாளில் கொழுந்துக் கூடையோடு குறுக்குப் பாதையில் சறுக்கி விழுந்தவர் அவர். அப்புறம் இராட்சதன் பிடித்துச் சந்தேகக் கோட்டையில் அடைப்பான். புதன் காலையிலிருந்து சனி இரவு வரை சோறில்லை, தண்ணீரில்லை, வெளிச்சமில்லை. கடைசியில்தான் நினைவு வரும், வாக்குத்தத்தம் என்ற சாவி முதலிலிருந்தே அவனிடமே இருந்தது.

பல வருஷம் கழித்து அம்மா படுக்கையில் கிடந்தபோது, ஜெபிக்க வந்த ஒருவர் "உங்க வீட்ல விசுவாசம் பத்தல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் மாதக்கணக்கில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. அப்போது என்னைப் பிடித்து வைத்திருந்தது அந்த நான்கு நாட்கள்தான். மோட்சத்துக்குப் போகிறவனும் அங்கே கிடந்தான். கிடந்த நேரத்திலும் சாவி அவனிடம்தான் இருந்தது. இதை யாராவது எனக்குப் புத்திமதியாகச் சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்காது. தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி நேரே குற்றத்தைச் சொல்லவில்லையே, ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைத்தானே முதலில் சொன்னார்?

ஆனால் எல்லாக் கிறிஸ்தவக் கதையும் இதைச் செய்வதில்லை. நாலாம் பக்கம் கண்ணீர், ஐந்தாம் பக்கம் ஜெபம், ஆறாம் பக்கம் சுகம், வேலை, வெளிநாட்டு விசா என்று போகும் நாவல்கள் நிறைய வாசித்திருக்கிறேன். மூடி வைத்ததும் மனது இன்னும் சுருங்கிப் போகும். விழுந்தவனை எழுப்பிவிட எழுத்தாளருக்கு ஏன் இத்தனை அவசரம்? வியாதிக்காரர் வீட்டுக்கு அப்படிப்பட்ட புத்தகத்தைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள்.

இப்போது ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதே கதையை வாசிக்கிறேன். போன வாரம் குறுக்குப் பாதை வந்தது. அவன் ஏன் அப்படிப் போனான் என்று கேட்டேன். பாவம், கீழ்ப்படியாமை என்று பெரிய பிள்ளைகள் சொன்னார்கள். தினமும் தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து நடந்து வருகிற சின்னப் பிள்ளை ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "கால் வலிச்சிருக்கும் டீச்சர்."