சிசி குறைவது பிரச்சினை இல்லை, அந்த டயர் விதியைத் தூக்குங்கள்

2027 முதல் மோட்டோ ஜிபி பைக் பந்தய வண்டிகள் 1000 சிசியிலிருந்து 850-க்கு இறங்குவதால் பந்தயம் சப்பென்று ஆகிவிடும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த முறை இன்ஜின் மட்டும் சுருங்கவில்லை. வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்துகிற ரைடு ஹைட் கருவிக்கு மொத்தமாகத் தடை, காற்றைக் கிழித்துப் போக வண்டியின் மேல் போர்த்தியிருக்கும் மூடியான ஃபேரிங்கின் முன்பக்க அகலமும் 600 மில்லிமீட்டரிலிருந்து 550 ஆகிறது. எனக்குப் பெரிதாகப் படுவது ஃபேரிங்கில் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த றெக்கை சமாசாரம்தான், ஏனென்றால் இப்போது முன்னால் போகிறவரை ஒட்டிக்கொண்டு போனாலே, அந்த றெக்கைகள் கலைத்துவிடுகிற காற்றில் முன் டயர் சூடேறி அழுத்தம் எகிறுகிறது, பிரேக் பிடித்தால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது, பிறகு எங்கே முந்துவது?

கட்டுரை தொடாமல் விட்டது டயர் அழுத்த விதி. பந்தயத்தில் முன் டயரில் குறைந்தபட்ச அழுத்தம் இல்லையென்றால் 16 நொடி நேர அபராதம். 2025 தாய்லாந்துப் பந்தயத்தில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த மார்க் மார்க்கெஸ் வேண்டுமென்றே தம்பி அலெக்ஸுக்கு வழிவிட்டு, அவர் பின்னாலேயே போய் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு, அப்புறம் முந்தி ஜெயித்தார். இது என்ன கூத்து சார்? எங்கள் காட்பாடி ரோட்டு பஞ்சர் கடை அண்ணன் மே மாதத்தில் காற்றடிக்கும்போது கொஞ்சம் குறைத்துத்தான் வைப்பார், "வேலூர் வெயிலுக்கு மத்தியானத்துக்குள்ள அதுவே ஏறிக்கும் தம்பி" என்பார். அவருக்கும் 16 நொடி போடுவீர்களா?

2027-ல் டயரும் மிஷெலினிலிருந்து பிரெல்லிக்கு மாறுகிறது. அப்போதாவது இந்த விதியைக் கழற்றி எறியட்டும்.