கேட்டுக் கேட்டு வளர்ந்த கேம்

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமை ஆடுகிறேன் என்றாலே "இன்னுமா அதை ஆடிக்கிட்டிருக்கீங்க" என்றுதான் கேட்கிறார்கள். ஆமாம், இன்னும் ஆடுகிறேன், சின்ன வயசில் பிடித்ததைவிட இப்போது அதிகமாகப் பிடிக்கிறது.

2012 கடைசியில் மூல ரூன்ஸ்கேப்பை நடத்துகிறவர்கள் அதில் சண்டை போடும் முறையையே தலைகீழாக மாற்றினார்கள், பழைய ஆட்கள் கூட்டமாகக் கிளம்பிப் போனார்கள். அப்புறம் 2013 பிப்ரவரியில், 2007 ஆகஸ்ட் மாத பேக்கப்பை எடுத்துத் தனி கேமாகவே திறந்துவிட்டார்கள். பழைய நினைப்பு மட்டும் இருந்திருந்தால் ரெண்டு வருஷத்தில் சர்வர் காலியாகியிருக்கும் என்பது என் எண்ணம். காப்பாற்றியது வாக்கெடுப்புதான். பாஸ் என்கிற புதுப் பெரிய எதிரியோ, க்வெஸ்ட் என்கிற கதைப் பணியோ எதுவானாலும் ஆடுகிறவர்களைக் கேட்பார்கள், ஆரம்பத்தில் 75 சதவீதம் பேர் சரி என்றால்தான் உள்ளே வரும் என்று இருந்தது. ஆடி ஆடி லெவல் ஏற்றுகிற திறமையைத்தான் ஸ்கில் என்போம்; ஆர்ட்டிசன் என்ற ஸ்கில்லை வேண்டாம் என்றோம், வார்டிங்கையும் வேண்டாம் என்றோம். 2023இல் ஒப்புதல் வாங்கிய, கப்பல் ஓட்டும் செய்லிங் ஸ்கில், 2025 நவம்பரில்தான் கைக்கு வந்தது. அதுவரை ஒரு புது ஸ்கில்கூட இல்லாமலேயே இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது! நடுவில் அந்த 75ஐ 70 ஆகக் குறைத்தது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. நாலில் ஒருவருக்கு மேல் முகம் சுளித்தாலே நின்று யோசித்த கேம் இது, அந்தத் தயக்கம்தான் இதன் பலம்.

2015இல், விலை போட்டு வைத்தால் பொருளைத் தானாகவே விற்று வாங்கித் தரும் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தை வந்தபோது, ஆடுகிறவர்களுக்குள் இருந்த பேச்சே போச்சு என்று பலர் வருத்தப்பட்டார்கள். வருத்தம் நியாயம்தான். அதற்கு முன் கேமில் உள்ள வாரக் நகரத்து பேங்க் வாசலில் நின்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப டைப் பண்ணி விற்போம், ட்ரேட் விண்டோவில் கடைசி நேரத்தில் பொருளை மாற்றி வைக்கிற ஆளும் வருவான், ரெண்டாவது திரையில் ஒவ்வொரு பெயராகப் படித்த பிறகே அக்செப்ட் கொடுக்க வேண்டும். அந்தக் கலகலப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஒரு மணி நேரம் உட்காருகிறவனுக்கு அதில் பாதி நேரம் கூவி விற்பதிலேயே போய்விடும்.

ஆடுகிறவர்களும் மாறிவிட்டோம். ஒரு ஸ்கில்லில் லெவல் 92 வரை சேர்த்த அனுபவப் புள்ளி, உச்ச லெவலான 99க்குத் தேவையானதில் பாதிதான். பள்ளிக்கூட வயசில் அந்தக் கணக்கே வெறுப்பேற்றும். 2018இல் மொபைலுக்கு வந்த பிறகு மரம் வெட்டத் திரையில் ஒருமுறை தட்டிவிட்டு வேறு வேலை பார்க்கிறோம், அவசரமே இல்லை.

ஒன்றே ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது, ஆள் இல்லாமல் புரோகிராமே ஆடுகிற பாட் கணக்குகள். அதை ஓட்டுகிறவனை மட்டும் தடை செய்தால் போதாது, அவனிடம் நிஜக் காசு கொடுத்து கேமின் பணமான கோல்டை வாங்குகிறவன் கணக்கையும் சேர்த்து மூட வேண்டும், அவன் நம் கிளான் ஆளாகவே இருந்தாலும் சரி.