ஞாயிறு, காலை 4:40

(கும்மிருட்டு. வீட்டுக்குப் பின்னால் தொட்டிகள், பைகள், உடைந்த வாளிகள். இதைத் தோட்டம் என்று சொல்கிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான். தரையோடு தரையாக ஒரு வெளிச்சம் ஊர்ந்து போகிறது. அரை டிராயரும் பனியனுமாகப் பூனை நடை போட்டு வெளியே வந்த சேகர், அதைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிடுகிறார்.)

சேகர்: யா... யாரது?

கல்யாணி: (நிமிராமல்) திருடன்.

சேகர்: கல்யாணியா? அப்பாடா. ஏம்மா, நெத்தியில என்ன லைட்டு... அட, அது என்னுது! அதைத்தான் கால் மணி நேரமாத் தேடிக்கிட்டிருக்கேன்.

கல்யாணி: கத்தாதீங்க. உஷாராயிடும்.

சேகர்: எது?

கல்யாணி: நத்தை.

சேகர்: உஷாராயிட்டு? எழுந்து ஓடிடுமா?

கல்யாணி: இலைக்கு அடியில போய் ஒட்டிக்கும். பகல்ல தேடினா ஒண்ணு கண்ல படாது, எல்லாம் இருட்டுலதான் வேலைக்கு வரும். அது சரி, நீங்க எங்கே கிளம்பிட்டீங்க? இன்னிக்கு ஏரிக்குப் போறோம்னு ராத்திரிதானே பேசினோம்?

சேகர்: 7 மணிக்குத்தானே? கணக்கெல்லாம் போட்டுட்டேன். இன்னிக்கு லாங் ரன், 18 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 7 நிமிஷம்னா 126 நிமிஷம். 4:45க்குக் கிளம்பினா 6:51க்கு வாசல்ல நிப்பேன்.

கல்யாணி: மீதி 9 நிமிஷம்?

சேகர்: குளியல்.

கல்யாணி: போன வாரம் 16 கிலோமீட்டர் ஓடிட்டு வந்து, குளியலறை வாசல்ல சுவத்துல சாஞ்சு 20 நிமிஷம் உட்கார்ந்திருந்தீங்களே, அது எந்தக் கணக்கு?

சேகர்: அது ஸ்ட்ரெச்சிங்.

கல்யாணி: குறட்டையோடவா?

சேகர்: லைட்டைக் கொடு, நேரமாகுது.

கல்யாணி: இருங்க, 16 ஆச்சு. இதோ, 17. இவனைப் பாருங்க! ஓட்டுல சிவப்பாப் புள்ளி தெரியுதா?

சேகர்: ஆமா, என்னது அது?

கல்யாணி: என் நகப்பூச்சு. போன வாரம் பிடிச்சதுக்கெல்லாம் புள்ளி வச்சு அந்தக் கோடி வேலியோரம் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்துட்டான்! இவங்களுக்கு வீட்டுக்கு வழி தெரியுதுங்க. பக்கத்துல விட்டா பிரயோஜனமே இல்லை. நான் என்ன சொல்றேன்னா... நீங்கதான் 18 கிலோமீட்டர் போறீங்களே...

சேகர்: வேண்டாம். அந்த வாக்கியத்தை முடிக்காதே.

கல்யாணி: இடுப்புல பை கட்டுவீங்கல்ல? அதுல 17 தாராளமாப் போகும். 5 கிலோமீட்டர் தள்ளி விட்டா, மணிக்கு 50 மீட்டர்னு வச்சாக்கூட, தூங்காம கொள்ளாம வந்தாலும் 100 மணி நேரம் ஆகும் வந்து சேர. வியாழக்கிழமை வரைக்கும் கவலை இல்லை.

சேகர்: அந்த 5 கிலோமீட்டர்ல இருக்கிறவங்க தோட்டம் என்ன பாவம் பண்ணுச்சு? மாட்டேன். அதுவும் போக, நத்தையைச் சுமந்துக்கிட்டு ஓடினேன்னு தெரிஞ்சா எங்க குரூப்புல என்ன சொல்லுவாங்க?

கல்யாணி: யார் யாரைச் சுமந்தாங்கன்னு கேப்பாங்க.

(சேகர் இதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை என்பது ஒரு காரணம். உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டுகிறார்.)

சேகர்: மெதுவாத்தான் ஓடணும், தெரியுமா? லாங் ரன்னுல பேசிக்கிட்டே ஓட முடியணும். மூச்சு வாங்கி வார்த்தை துண்டு துண்டா வந்தா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். அஸ்திவாரம் அப்படித்தான் போடணும்.

கல்யாணி: யார்கிட்ட பேசுவீங்க அந்த இருட்டுல?

சேகர்: நானேதான்.

கல்யாணி: வீட்டுலயும் அப்படித்தான். (வாளியை ஓரமாக வைத்து) வாஸ்லின் டப்பா எடுத்தீங்களா?

சேகர்: எடுத்தேன். தொடை உரசினா 12 கிலோமீட்டருக்கு மேல எரியும், அதுக்குத்தான். டப்பாவுல பாதி காணோமே?

கல்யாணி: தொட்டி விளிம்பைச் சுத்தி ஒரு வளையம் போட்டேன். எறும்பு ஏறக் கூடாது. எறும்பு சும்மா வரலைங்க, அசுவினிப் பூச்சியை மாடு மாதிரி மேய்க்குது. அது விடுற இனிப்புத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு, அதைத் தின்ன வர்ற பொறிவண்டை விரட்டி அடிக்குது. பண்ணையே நடத்துது! அதான் வாஸ்லின்.

சேகர்: அதே டப்பாவுல விரலை விட்டா? நேத்து தடவும்போது ஏதோ நறநறன்னுச்சு!

கல்யாணி: மண்ணா இருக்கும். சுத்தமான மண்ணுதான்.

சேகர்: உரசாம இருக்கத்தான் தடவுறேன் கல்யாணி, உப்புத்தாளால தேய்ச்சுக்க இல்லை! ஆமா, தக்காளிச் செடியைக் குச்சியோட கட்டியிருக்கியே, அந்த நீலத் துணி...

கல்யாணி: பழைய சாக்ஸ்.

சேகர்: அது பழசு இல்லை. அது ராசியான சாக்ஸ்.

கல்யாணி: கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்துச்சு, ராசியா? நூல்ல கட்டினா தண்டு அறுபடும். சாக்ஸ்னா செடி பெருக்கப் பெருக்கத் தானும் நீண்டு கொடுக்கும். அதுக்கு இப்பத்தான் நல்ல வாழ்க்கை.

சேகர்: (எழுந்து நின்று, மெதுவாக) கல்யாணி. லைட்டு சரி. வாஸ்லின் சரி. சாக்ஸ் போகட்டும். என் பேட்டரி டூத் பிரஷ்ல ரெண்டு வாரமா மஞ்சள் பொடி இருந்துச்சே...

கல்யாணி: (தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல) காலையிலே காத்து நல்லா வீசுது இல்லீங்க?

சேகர்: கல்யாணி!

கல்யாணி: மகரந்தம்ங்க. தக்காளிப் பூவுக்கு ஆண் பாகம், பெண் பாகம் ரெண்டும் ஒரே பூவுலயே இருக்கு. ஆனா அந்தப் பொடி ஒரு குழாய்க்குள்ள அடைஞ்சு கிடக்கும், யாராவது அதிர வச்சாத்தான் கொட்டும். காட்டுல சில வண்டுங்க பூவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உடம்பை "ம்ம்ம்"னு அதிர வைக்கும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நம்ம வீட்டுல "ம்ம்ம்"னு சொல்றது ரெண்டே பேர். ஒண்ணு நீங்க, நான் எது கேட்டாலும். இன்னொண்ணு உங்க பிரஷ்.

சேகர்: நான் அதுல பல்லு தேய்ச்சேன்!

கல்யாணி: ஒண்ணும் ஆகலையே? காய்க்கவா போகுது?

(இந்த இடத்தில் சேகர் வழக்கமாகத் தஞ்சம் புகுவது சரித்திரத்தில். தோற்கிற மனிதர்களுக்குச் சரித்திரம் எப்போதும் திறந்தே இருக்கிறது.)

சேகர்: உனக்கு ஓட்டத்தோட அருமை தெரியலை. மாரத்தான் தூரத்தை 42.195 கிலோமீட்டர்னு ஏன் வச்சாங்க தெரியுமா? 1908ல லண்டன் ஒலிம்பிக்ல...

கல்யாணி: ...வின்ட்சர் அரண்மனையில ஆரம்பிச்சு, மைதானத்துல ராணி உட்கார்ந்திருந்த மாடத்துக்கு நேரா முடிச்சாங்க. அப்புறம் 1921ல அதையே நிரந்தரமாக்கிட்டாங்க. கரெக்டா?

சேகர்: ...கரெக்ட்.

கல்யாணி: இதுவரைக்கும் 40 தடவை சொல்லியிருக்கீங்க. அரண்மனைக்காரங்க உட்கார்ந்த இடத்துல இருந்து பார்க்க வசதியா ஒரு கோடு போட்டாங்க. அதுக்கு இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா நாக்குத் தள்ளுது.

சேகர்: நான் தள்ளலை. நான் ஓடப்போறது அதுல பாதி.

கல்யாணி: நாக்கும் பாதிதான் தள்ளுது.

சேகர்: கிப்சோகேன்னு ஒரு மனுஷன் 2019ல வியன்னாவுல 42.195ஐயும் 1 மணி 59 நிமிஷம் 40 விநாடியில முடிச்சார். கிலோமீட்டருக்கு 2 நிமிஷம் 50 விநாடி! நான் ஒரு கிலோமீட்டர் முடிக்கிறதுக்குள்ள அவர் ரெண்டரையை நெருங்கிடுவார். எப்படி முடிஞ்சுச்சு?

கல்யாணி: முன்னாடி ஆளுங்க வரிசை கட்டி ஓடி, மேல காத்து படாம மறைச்சாங்க. அதனாலதான் அதைச் சாதனைக் கணக்குல சேர்க்கலைன்னும் நீங்களே சொன்னீங்க. அதைக் கேட்டுட்டுத்தான் என் மிளகாய்ச் செடிக்கும் காத்து மறைக்க ஒரு தட்டி கட்டிக் கொடுங்கன்னேன். கட்டினீங்களா?

சேகர்: அன்னிக்கு வாட்ச் 36 மணி நேரம் ஓய்வு எடுக்கச் சொல்லிச்சு.

கல்யாணி: அந்த வாட்ச்சை எனக்கு ஒரு வாரம் கட்டிவிடுங்களேன். எனக்கு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

சேகர்: (சட்டென்று) பேச்சு வளருது. நான் கிளம்புறேன். ஏரிக்கு 7 மணி. இந்தத் தடவை தள்ளிப் போடாதே.

கல்யாணி: நானா தள்ளிப் போட்டேன்?

சேகர்: மூணு ஞாயித்துக்கிழமை! ஒவ்வொரு தடவையும் "தக்காளி நிறம் மாறுற நேரம், விட்டுட்டு வர முடியாது"ன்னு சொன்னது யாரு? 11 பூவுல ஒண்ணே ஒண்ணு பிடிச்சுச்சு. அதுக்கு ஒரு காவல், ஒரு வலை, ஒரு நாற்காலி. நான் காய்ச்சலா இருந்தப்போ எனக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தியா?

கல்யாணி: உங்களை அணில் கடிக்குமா? பூத்ததுல இருந்து ஏழு வாரம் பார்த்துப் பார்த்து வளர்த்தது. இருங்க, அதையும் ஒரு தடவை பார்த்துடறேன். (வெளிச்சத்தைத் தக்காளிச் செடிப் பக்கம் திருப்புகிறார். கீழே. மேலே. மறுபடி கீழே.) என்னங்க.

சேகர்: நான் கிளம்புறேன்மா.

கல்யாணி: என்னங்க, காணோம்.

சேகர்: எது?

கல்யாணி: எதுவா? இருக்கிறதே ஒண்ணு!

(மௌனம். தூரத்தில் ஒரு நாய் குரைக்கிறது.)

கல்யாணி: நத்தை தின்னா ஓட்டை போட்டுட்டுப் போகும், காம்போட தூக்கிட்டுப் போகாது. அணில்னா பாதி கடிச்சுக் கீழே எறிஞ்சிருக்கும். இது நறுவிசாக் கிள்ளியிருக்கு. கைவிரல் உள்ள ஏதோ ஒண்ணுதான்.

சேகர்: குரங்கா இருக்கும்.

கல்யாணி: (வெளிச்சம் மெதுவாகத் திரும்பி சேகர் முகத்தில் விழுகிறது. பிறகு இறங்கி, காலில்.) ஏன் பழைய ஷூ போட்டிருக்கீங்க?

சேகர்: இது... மாத்தி மாத்திப் போட்டா ரெண்டும் நாள்பட உழைக்கும்.

கல்யாணி: அது 800 கிலோமீட்டர் தாண்டிடுச்சு, மெத்தை செத்துப்போச்சு, இனிமே போட்டா முட்டி போயிடும்னு சொல்லி, மண் அள்ளும்போது போட்டுக்கோன்னு என்கிட்ட கொடுத்தீங்க. புது ஷூ எங்கே?

சேகர்: அலமாரியில.

கல்யாணி: ஏன் அலமாரியில?

சேகர்: ஓய்வுல இருக்கு.

கல்யாணி: 36 மணி நேரமா?

(சேகர் இரண்டு விநாடி நிற்கிறார். உள்ளே போகிறார். புது ஷூவை இரண்டு கையிலும் ஏந்தி, கோயில் தட்டு போலக் கொண்டுவருகிறார். வலது கால் ஷூவுக்குள், காகிதத்தில் சுற்றி, ஒரு தக்காளி. பக்கத்தில் துணைக்கு ஒரு வாழைப்பழம்.)

கல்யாணி: அடப்பாவி மனுஷா!

சேகர்: முந்தாநாள் ராத்திரி பறிச்சேன். நீ சொன்னதுதான் கல்யாணி! அடியில லேசா நிறம் திரும்பிட்டாப் போதும், அதுக்கப்புறம் செடியில இருந்தாலும் மேசையில இருந்தாலும் அது பாட்டுக்குப் பழுத்துடும்னு. வாழைப்பழத்துல இருந்து எத்திலீன் வரும், பக்கத்துல வச்சா சீக்கிரம் பழுக்கும்னு. எத்திலீன்ங்கிற பேரே உன்கிட்ட கேட்டதுதான்!

கல்யாணி: மேசைன்னேன். ஷூவா சொன்னேன்?

சேகர்: மேசையில வச்சா நீ பார்த்துடுவே. ஷூவைத்தான் இந்த வீட்டுல யாரும் கிட்ட போய்ப் பார்க்க மாட்டாங்க.

கல்யாணி: மாட்டாங்கதான். (தக்காளியை எடுத்து, காகிதத்தைப் பிரித்து, நெற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். குரல் இறங்குகிறது.) பழுத்திருக்குங்க.

சேகர்: பழுத்திருக்கா?

கல்யாணி: அடி முழுக்கச் சிவந்துடுச்சு. காம்புகிட்ட மட்டும் இன்னும் லேசாப் பச்சை. (முகர்ந்து பார்க்கிறார். உடனே தள்ளிப் பிடிக்கிறார்.) தோலைக் கழுவிக்கலாம்.

சேகர்: எனக்கு உன்னோட ஏரிக்குப் போகணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான். போன தடவை போனப்போ நீ கரையில உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாம ஒரு மணி நேரம் கொக்கைப் பார்த்தியே...

கல்யாணி: கொக்கைப் பார்க்கலை. அதுக்குப் பின்னாடி கூட்டிக் குவிச்சிருந்த சருகைப் பார்த்தேன். எவ்வளவு உரம்! கேட்டதும் எடுத்துக்கோங்கன்னாங்களே.

சேகர்: அந்த மூணு சாக்கையும் மடியில வச்சுக்கிட்டுத்தான் நான் திரும்பி வந்தேன். ஒரு சாக்குல பூரான் இருந்துச்சு.

கல்யாணி: சின்னப் பூரான். (வானத்தைப் பார்க்கிறார்.) விடியப் போகுது. ஏரி இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?

சேகர்: 14 கிலோமீட்டர்.

கல்யாணி: கரையைச் சுத்தினா?

சேகர்: ஒரு நாலு வரும்... (நின்று, விரல் விட்டு எண்ணி) கல்யாணி! 18!

கல்யாணி: இந்தாங்க லைட்டு. ஷூவை மாத்துங்க. வாழைப்பழத்தைக் கையில எடுத்துக்கோங்க, வழியில சாப்பிடலாம். நான் வண்டியை எடுத்துக்கிட்டுப் பின்னாடி வர்றேன். காலி சாக்கு அஞ்சு போட்டுக்கறேன்.

சேகர்: அப்போ திரும்பி வரும்போது வண்டியில நான் முன்னாடி உட்கார்ந்துக்கலாம்ல? கால் நீட்ட இடம் வேணும். மடியில சாக்கு வேண்டாம்.

கல்யாணி: பின் சீட்டு பூரா சாக்கு.

சேகர்: அதான் முன் சீட்டு கேக்கறேன்.

கல்யாணி: முன் சீட்டுல தக்காளி வருது.