அறைக்குள் யார் இருக்கலாம்?

மனநல சிகிச்சைக்கு வருகிறவருக்கு அவருடைய இனத்து ஆளையே ஊழியராகப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று லண்டனில் பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் டேவிட் பென்னட்டின் கதை தெரிந்தவர்களால் அதை லேசில் தள்ளிவிடவும் முடியாது.

ஜமைக்காவில் பிறந்த கறுப்பினத்தவர். ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தார். 1993இல் தலைமைத் தாதிக்கு ஒரு கடிதம் எழுதினார்: இங்கே கறுப்பின நோயாளிகள் ஆறு பேருக்கு மேல் இருக்கிறோம், ஊழியர்களில் ஒரு ஆப்பிரிக்கர்கூட இல்லை, குறைந்தது இரண்டு பேராவது வேண்டும். 1998 அக்டோபரில், இங்கிலாந்தின் நாரிச் நகரத்து மனநல மருத்துவமனையில், இன்னொரு நோயாளியோடு தகராறு; அந்த நோயாளி இவரை இனத்தைச் சொல்லித் திட்டினார். வேறு வார்டுக்கு மாற்றினார்கள், அங்கே அவர் ஒரு தாதியை அடித்தார். தாதியர் பலர் சேர்ந்து குப்புறக் கிடத்தி இருபது நிமிடத்துக்கு மேல் அமுக்கிப் பிடித்ததில் உயிர் போய்விட்டது.

இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தின் கீழ் கட்டாயமாக அடைக்கப்படும் விகிதம் இன்றும் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடையே மூன்று மடங்குக்கு மேல். ஒரு கரீபியன் தாய்க்கு மகனின் மாத்திரையைப் பற்றிய கவலை பிறகுதான் வரும். முதலில் பொலிஸ் வராமல், யாரும் அமுக்காமல் அவனைக் கொண்டுபோவார்களா? வார்டில் தங்கள் ஆள் ஒருவர் இருந்தால் சாட்சியாவது இருக்கும்.

எங்கள் ஈழத்து ஆட்களின் பயம் வேறு மாதிரி. லண்டனில் ஹரோ, ஈஸ்ட்ஹாம் பக்கமெல்லாம் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் குறைவு. மொழிபெயர்க்க வருகிறவர் கோயிலில் பார்த்த அக்காவாக இருந்துவிட்டால்? தடுப்புக்காவலில் நடந்ததையோ வீட்டுக்குள் விழும் அடியையோ சொல்ல வந்தவர் "நித்திரை வருதில்லை, தலையிடி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மகளுக்குக் கல்யாணம் பேசுகிற நேரமென்றால் அதுவும் வராது. அவருக்கு வேண்டியது எங்கோ தூரத்திலிருந்து தொலைபேசியில் மொழிபெயர்க்கும், முகம் தெரியாத ஒருவர்.

திட்ட அறிக்கைகளில் இந்த இருவரும் ஒரே தலைப்பின் கீழ்தான் வருகிறார்கள்: சிறுபான்மை இனத்தவர்!

மருத்துவர்களுக்குக் கேட்கத் தெரியாமல் இல்லை. 2013இல் வந்த, மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க டிஎஸ்எம்-5 கையேட்டில் பண்பாட்டு நேர்காணலுக்கென்றே 16 கேள்விகள் இருக்கின்றன. இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், வேறு யாரிடம் உதவி தேடினீர்கள் என்றெல்லாம் கேட்கும். நான் அதில் ஒன்றைச் சேர்ப்பேன்: இந்த அறையில் யார் இருக்கக்கூடாது? மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும். அவர் வந்து உட்கார்ந்த பிறகு கேட்டால், "பரவாயில்லை, இருக்கட்டும்" என்றுதான் எங்கள் சனம் சொல்லும்.