அது குளியல் தொட்டி அல்ல

கிரீஸ் நாட்டுக் கிரீட் தீவின் பழங்கால நோசோஸ் அரண்மனையில், அரியணை அறையில், அரியணைக்கு எதிரே உள்ள பள்ளம் அரசரின் குளியல் தொட்டி என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. சில படிகள் இறங்கிப் போகும் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் வெளியேற வழியே கிடையாது. கட்டத் தெரியாமல் விட்டதாகவும் சொல்ல முடியாது. அதே அரண்மனையில் சுடுமண் குழாய்களும் கல் வடிகால்களும் இருக்கின்றன. அப்புறம், அங்கே பதித்திருப்பது ஜிப்சம் என்ற மென்மையான கல்லின் பலகைகள். தண்ணீர் பட்டால் ஜிப்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். 1900இல் அந்த அறையைத் தோண்டியெடுத்த ஆர்தர் எவன்ஸே பின்னர் இதைத் தூய்மைச் சடங்குக்கான இடம் என்றுதான் விளக்கினார்.

அதே அறையில் அரியணைக்கு இருபுறமும் தெரியும் கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கு) ஓவியங்கள் கிடைத்த துண்டுகளை வைத்து 20ஆம் நூற்றாண்டில் வரைந்தவை. ஆனால் அரியணையான ஜிப்சம் இருக்கை அசல்தான்.