அம்மா எதையும் கேட்டதில்லையாம்

இறந்துபோன அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்த படத்திறப்பு பற்றி நான் இரண்டு வரி எழுதியதற்கே குடும்பக் குழுவில் இவ்வளவு கொந்தளிப்பு என்றால், முழுவதையும் எழுதிவிடுவதுதான் மரியாதை. காணொளியைப் பார்க்காதவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். "தனக்கென்று எதையும் கேட்காத உத்தமி" என்று ஒருவர் முழங்கினார், கூட்டம் தலையாட்டியது. அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் ஒருபடி மேலே போய், பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த புண்ணியவதி என்றார். கணவருக்கு முன்னால் செத்துப்போனதும் அம்மாவின் சாதனைகளில் ஒன்றாகிவிட்டது.

அம்மா கேட்டாள். நிறையவே கேட்டாள்.

அடுப்படியில் நின்று நின்று முட்டி வீங்கியபோது, உட்கார்ந்து காய் நறுக்க ஒரு நாற்காலி கேட்டாள். அடுப்படியில் எதற்கு நாற்காலி என்று சிரித்தார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஒரு சித்திரைக்காவது மதுரைக்கு அனுப்பச் சொன்னாள். பிறந்த ஊர். சித்திரை என்றால் கடையில் புதுக்கணக்கு, தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். கும்பகோணத்திலிருந்து மதுரை என்ன அவ்வளவு தூரமா?

நாற்காலி கடைசியில் வந்தது. வாங்கிக் கொடுத்தது யார் தெரியுமா? அரசாங்கம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, அவள் பெயரில் இருந்த கணக்கில் ஆயிரம் ரூபாய் விழுந்தது. முதல் மாதப் பணத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி அடுப்படியில் போட்டுக்கொண்டாள். "ஆயிரம் ரூபாய்க்கு வந்த ஆட்டத்தைப் பார்" என்று அன்று கேலி செய்த அதே வாய்தான் ஞாயிற்றுக்கிழமை ஒலிவாங்கியில் தழுதழுத்தது.

அவர் நல்ல மனதோடுதான் பேசினார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் கேட்காதவள் என்று புகழ்ந்துவிட்டால் கொடுக்காதவர்கள் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த வசதி இல்லாவிட்டால் இந்தப் புகழ்ச்சிக்கு இவ்வளவு கைதட்டல் கிடைத்திருக்காது. துக்க வீட்டில் இதைப் பேசலாமா என்பவர்களுக்கு: துக்க வீட்டில் பொய் பேசலாமென்றால் இதையும் பேசலாம்.

"அப்பா மட்டும் உழைக்கவில்லையா?" என்று அத்தை கேட்டிருக்கிறார். உழைத்தார். யார் இல்லையென்றது? இரவு ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டினார். அம்மாவுக்குப் பூட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், அதே வேலையில் கைவைக்கும் ஆண்கள் 97 நிமிடம். அந்த ஆண்கள் எங்கள் தெருவில் குடியிருக்கவில்லை.

அப்பா தனியாளாக நின்று கட்டிய வீடு என்று வேறு மேடையில் சொன்னார்கள். அம்மாவின் சங்கிலியும் வளையலும் அடகுக்குப் போனவை போனவைதான். பத்திரத்தில் அவள் பெயர் கிடையாது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் உழைப்பும் சொத்து சேர்ப்பதில் பங்களிப்புதான், அவளுக்குச் சம பங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தம்மாவா வழக்குப் போட்டது?" என்று கேட்டாள். இல்லை அம்மா, கணவர்தான் மனைவி மேல் போட்டார் என்றேன். "அதுதானே, இவள் எங்கே போட்டிருக்கப் போகிறாள்" என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆயத் தொடங்கினாள்.

உடனே சொத்துக்காக எழுதுகிறாள் என்பீர்கள். ஏற்கெனவே சொல்லத் தொடங்கிவிட்டீர்கள் என்றும் தெரியும். சொத்துக்கென்றால் வக்கீலை வைத்து எழுதியிருப்பேன், முகநூலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எனக்கு வலித்தது வேறு. அத்தனை பேர் பேசினார்களே, அதில் ஒரு பெண் உண்டா? அம்மாவோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த சித்தி பேச எழுந்தார். நேரமாகிவிட்டது, பந்தி போட வேண்டும் என்று உட்காரவைத்துவிட்டார்கள். நான் கை தூக்கியதை யாரும் பார்க்கவில்லையாம். நாற்பது வருடம் பந்தி பரிமாறியவளுக்கான கூட்டத்திலும் பந்திதான் முக்கியம்! எதையுமே கேட்காத உத்தமி என்று மூன்று பேர் மாறி மாறிச் சொல்வதற்கு மட்டும் நேரம் இருந்தது.

படையலையாவது அவளுக்காகப் போட்டீர்களா? இலையில் சர்க்கரைப் பொங்கலும் மெதுவடையும் இருந்தன. இரண்டும் அப்பாவுக்குப் பிடித்தவை.

பதிவை நீக்கச் சொல்லி இனிமேல் அழைக்கப்போகிறவர்கள், அம்மாவுக்குப் பிடித்த பண்டம் எது என்று முதலில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். சித்தியிடம் கேட்டுக்கொண்டு வந்து சொல்வது செல்லாது.